கழற்றாத பேட்டரி

"இது பொணம் ஏத்துற வண்டிங்க. லாரி இல்ல" என்றான் டிரைவர்.

தம்பி இரும்புப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கி வண்டியின் பின்படியில் வைத்தான். மறுபக்கத்தைத் தூக்க ஆளில்லை. இத்தனை வருஷமாக எந்த ஊர் வேலைக்குப் போனாலும் இந்தப் பெட்டிக்கு இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அண்ணன். அந்தப் பக்கத்து ஆள் இப்போது வண்டிக்குள்ளே வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார்.

"அப்படி என்னதான் இருக்கு இதுல?"

"மெஷினுங்க. மரம் அறுக்கிறது, இழைக்கிறது, துளை போடுறது. நாங்க மரவேலைக்காரங்க."

"அதுக்கு வேற வண்டி பாருங்க."

"வெளி மாநிலங்க. இங்க போட்டுட்டுப் போனா திரும்ப கண்ணுல பாக்க முடியாது. ரெண்டு வீட்டுக்கும் சோறு இதுதான். அவரோடயே வரட்டுங்க."

அந்த ஊரில் தமிழ் தெரிந்த டிரைவர் இவன் ஒருவன்தான் கிடைத்தான். முறைத்துப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, வந்து அண்ணன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தான். ஸ்ட்ரெச்சருக்கு அடியில் பெட்டி போய் உட்கார்ந்தது.

வேலை முந்தின நாளே முடிந்துவிட்டது. ரயிலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. அண்ணன் சாயங்காலமே பெட்டி கட்டிவிட்டார். பெட்டி கட்டும்போது அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. ரம்பத் தகடுகளைக் கழற்றி அட்டைக்குள் செருகுவார். ஒவ்வொரு மெஷினிலிருந்தும் பேட்டரியைக் கழற்றி, அதன் வாயில் டேப் ஒட்டித் தன் தோள்பைக்குள் போட்டுக்கொள்வார். அந்தப் பையை ரயிலில் தலைக்கு வைத்துத்தான் தூங்குவார். மெஷின்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க, தன் உடுப்பை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் சுற்றிவிடுவார். "என் புருஷன் ஊருக்குப் போறப்ப துணிமணி எடுத்துட்டுப் போறதே அந்த மெஷினுங்களுக்குத்தான். இவருக்கு என்ன, போட்டிருக்கிறதே போதும்" என்று அண்ணி வாய்விட்டுச் சிரிப்பாள்.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "எல்லாத்தையும் தூங்க வச்சாச்சாடா? பேட்டரி உள்ள இருந்துச்சுன்னா எவனாவது அசைச்ச அசைப்புல முழிச்சுக்கும்."

பெட்டிக்குள் போகாத சட்டை ஒன்றே ஒன்று. ஊர் திரும்பும்போது போடுகிற நீலச் சட்டை. அண்ணி எடுத்துக்கொடுத்தது. வேலை முடிகிறவரை ஆணியில் தொங்கும்.

காலையில் கிளம்புகிற நேரத்தில், அண்ணன் சட்டை மாற்றுவதற்கு முன், அவர்கள் தங்கி வேலை செய்த வீட்டின் சொந்தக்காரம்மா வந்து சமையலறைக் கதவு ஒன்று ஒட்டி மூடவில்லை என்று கையால் காட்டினாள். அண்ணன் சிரித்துக்கொண்டே டிரில் மெஷினைத் திரும்ப வெளியே எடுத்துப் பேட்டரியை மாட்டினார். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடா. ஒரு கீல், அவ்வளவுதான்" என்று வழக்கம்போல ரெண்டு திருகாணிகளை உதட்டில் கடித்துக்கொண்டு குந்தினார். கீலை மாட்டினார். கதவைச் சாத்திப் பார்த்தார். அது நன்றாகவே மூடியது. அப்படியே அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. உதட்டில் மிச்சமிருந்த ஒரு திருகாணியைத் தம்பிதான் விரலால் எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதோ சொன்னார். அந்த மொழியில் தம்பிக்குத் தெரிந்ததெல்லாம் பலகை, அளவு, டீ. டாக்டர் மறுபடி நிதானமாகச் சொல்லிவிட்டுத் தோளில் கை வைத்தார். அப்போதுதான் புரிந்தது.

திரும்ப அந்த வீட்டுக்கு வந்து சாமான்களை எடுத்தபோது தம்பி தம்பியாக இல்லை. தரையில் கிடந்த டிரில்லை எடுத்தான். கைக்கு அகப்பட்ட துணியைச் சுற்றினான். பெட்டிக்குள் மேலாக வைத்து மூடியை அழுத்திப் பூட்டினான்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்ததும் அண்ணி போன் செய்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"தம்பி, அவரு என்ன போட்டிருக்காரு?"

வெள்ளைத் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வேலைச் சட்டையை ஆஸ்பத்திரியில் கத்திரியால் நடுவே வெட்டிவிட்டார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் மரத்தூள் அப்படியே இருந்தது.

"ஏன் அண்ணி?"

"அந்த நீலச் சட்டையப் போட்டுக் கூட்டிட்டு வாங்க. எப்பவும் அப்படித்தான வருவாரு. வெட்டுனதும் கிழிச்சதுமா கொண்டாந்து எறக்கிடாதீங்க தம்பி. என்னால பாக்க முடியாது. வேற எதுவும் நான் கேக்கல."

"சரி அண்ணி."

தோள்பையைத் தேடினான். பேட்டரிகள், சார்ஜர், அண்ணனுடைய கண்ணாடி. தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். இல்லை. ஆணியிலேயே விட்டுவிட்டோம் என்று நினைத்தான்.

"டிரைவரண்ணே, வண்டியத் திருப்ப முடியுமா?"

"என்னது?"

"ஒரு சட்டைய விட்டுட்டேன்."

டிரைவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். "வெயில் கொளுத்துது பாத்தீங்கல்ல? திரும்பிப் போயி வந்தா உடம்பு தாங்காதுங்க. வீட்டுல வேற சட்டை இருக்காதா?"

இருக்காது. இருக்கிற நாலும் இந்தப் பெட்டிக்குள்தான், எண்ணெயும் தூளுமாக. தம்பி தலையில் அடித்துக்கொண்டான். கேட்டது ஒரே ஒரு சட்டை. அதைக்கூடச் செய்யத் துப்பில்லாத நான் எதற்கு உயிரோடு வருகிறேன் என்று தோன்றியது.

மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் பின்கதவைத் திறக்கச் சொன்னார். காகிதங்களைப் பார்த்தார். பெட்டியைக் காட்டி என்ன என்று கேட்டார். டிரைவர் சொன்னான். அவர் நம்பாமல் பெட்டியைப் பாதிவரை இழுத்து, மூடியைத் தட்டிப் பார்த்து, பிணத்தின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, காலால் சாய்வாக உள்ளே தள்ளினார்.

அதற்குப் பிறகு தம்பி கண்ணை மூடினான். தூக்கம் இல்லை, மயக்கம் மாதிரி ஒன்று. வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

விர்ரென்று மெஷின் ஓடியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவன் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. அடுத்த அறையில் அது கேட்டால், பலகையைப் பிடிக்க இவன் எழுந்து போகவேண்டும். கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "இருண்ணே, வரேன்."

"ஐயோ!" என்று டிரைவர் அலறி பிரேக்கை மிதித்தான். "என்னங்க அது? அடியில என்னமோ கத்துது!"

தம்பி கண்ணைத் திறந்தான். அண்ணன் ஆடாமல் கிடந்தார். சத்தம் அவருக்குக் கீழேயிருந்து வந்தது. சத்தம் திணறி, முனகி, கருகிய வாடையோடு நின்றது.

சாலையோரம் நிறுத்திப் பெட்டியை வெளியே இழுத்தார்கள். மூடியைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. டிரில் மெஷினில் பேட்டரி அப்படியே இருந்தது. டிரில்லின் சுவிட்ச் இழைப்பு மெஷினின் முனையில் சிக்கி அழுந்தியிருந்தது. சுற்றியிருந்த துணியை எல்லாம் டிரில் தன் மூக்கிலேயே முறுக்கி இழுத்து வைத்திருந்தது. ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி இறுகிக் கிடந்தது.

நீலத் துணி.

"இதானுங்களா நீங்க தேடுன சட்டை?" என்றான் டிரைவர்.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

சுழற்சியை மாற்றி வைத்து அழுத்தினால் பிரிந்துவிடும். அழுத்தினான். அசையவில்லை. தோள்பையிலிருந்து வேறு பேட்டரியை எடுத்து, டேப்பைப் பிரித்து மாட்டி அழுத்தினான். மோட்டார் கருகிவிட்டது. அண்ணன் கடைசியாகத் தொட்ட மெஷின், அதுவும் போய்விட்டது.

"கத்தி இருக்கு. வெட்டி எடுத்துடலாமா?"

"வேணாங்க. ஏற்கனவே ஒன்ன வெட்டிட்டாங்க."

வீடு வருகிறவரை மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பிரித்தான். நகம் பெயர்ந்தது. வண்டியின் குலுக்கலில் பிரித்ததே திரும்பச் சிக்கியது. சட்டையின் ஒரு கை மட்டும்தான் வெளியே வந்தது.

தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வாசலில் கூட்டம். நாலு பேர் வந்து ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளைத் துணி கழுத்துவரை இருந்தது. அவள் அழவில்லை. துணிக்கு மேலே நீலக் காலர் தெரிகிறதா என்று பார்த்தாள்.

"தம்பி, சட்டை?"

அவன் மெஷினோடு நின்றான். நீலச் சட்டைக் கை அதிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் பேட்டரியக் கழட்டல அண்ணி."

சுற்றியிருந்தவர்களுக்கு அது என்ன பேச்சு என்றே விளங்கவில்லை. அண்ணிக்கு விளங்கியது. அந்தப் பெட்டி எத்தனையோ தடவை அவள் கண் முன்னால் கட்டப்பட்டிருக்கிறது.

"என் சட்டை ஒன்ன எடுத்துட்டு வரேன், அதப் போட்டுடலாம்மா. நேரமாகுது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

"இருக்கட்டும்" என்றாள் அண்ணி. "அவசரம் என்ன? இனிமே எந்த ஊர் வேலைக்குப் போகப் போறாரு."

தம்பியின் கையிலிருந்து மெஷினை வாங்கிக்கொண்டாள். வாசற்படியில், ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே வந்த சட்டைக் கையை முழங்காலுக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெஷினை இரண்டு கையாலும் பின்பக்கமாக மெல்ல உருட்டினாள். ஒரு சுற்றுத் துணி தளர்ந்தது. மறுபடி உருட்டினாள்.

டிரைவர் பெட்டியை வண்டியிலிருந்து பாதி இழுத்து வைத்துவிட்டு, மறுபக்கம் பிடிக்க ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தான்.

சட்டையின் இரண்டாவது கை வெளியே வந்தது. அண்ணி அதைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டு, மறுபடி உருட்ட ஆரம்பித்தாள்.