பேர் சொல்லிக் கூப்பிட்டால்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆண்கள் வார்டில் பதினெட்டு வருஷமாக ஆயா வேலை பார்க்கிறேன். டாக்டரிலிருந்து துணி துவைக்கிறவர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. என் மகளுக்கும் இது தெரியும். தெரிந்தும் அன்று காலை நான் கிளம்புகிற நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா அடுத்தவங்க மூத்திரம் அள்ளுவே? நாங்க சம்பாதிக்கிறது போதாதா? இன்னைக்கே வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு. அப்படி என்னதான் இருக்கு அதுல?"

இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. முட்டி வேறு விண் விண்ணென்று தெறித்தது. "சரிடி, குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பதாம் படுக்கையில் ஒரு கொத்தனார். மூளையில் ரத்தம் அடைத்து எட்டு நாளாகிறது, கண்ணைத் திறக்கவில்லை. பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் வருவார். கூப்பிட்டால் பதில் இருக்கிறது என்றால் கை கால் அசைக்கப் பழக்குகிற பயிற்சி வார்டுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரே ஒரு படுக்கைதான் காலி. பதில் இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் மனைவிக்கும் தெரியும்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க" என்று அவளிடம் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பாவம், அவளும் கூப்பிட்டாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்து, களவு செய்கிறவள் மாதிரி புருஷன் பேரைக் காதில் கிசுகிசுத்தாள். அவர் அசையவே இல்லை. கால்மாட்டில் தொங்கும் அட்டையில் எட்டு நாளும் "பெயருக்குப் பதில் இல்லை" என்றே எழுதியிருந்தது.

விரிப்பு மாற்றப் போன எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, வீட்டுலயும் இப்படித்தான் கூப்பிடுவியா?"

"ஐயோ, இல்லக்கா. முப்பது வருஷத்துல இந்த எட்டு நாள்தான் அந்தப் பேரு என் வாயில வந்திருக்கு."

"வேற யாராச்சும் கூப்பிடுவாங்களா?"

"அவங்கப்பா அம்மா போய்ச் சேந்தாச்சு. பசங்களுக்கு அப்பா. வேலையில எல்லாருக்கும் மேஸ்திரி."

"கெட்டுது போ. யாரோ யாரையோ கூப்பிடறாங்கன்னு படுத்திருக்கார் மனுஷன். நீ எப்பவும் கூப்பிடற மாதிரி கூப்பிடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வீட்டுக் குரலில், நல்ல எரிச்சலோடு சொன்னாள்: "ஏங்க, மோட்டாரை நிறுத்துங்க. தொட்டி வழியுது."

அவருடைய இடது கை மெல்ல எழுந்தது. தலைமாட்டுச் சுவரில் சுவிட்சைத் தேடியது.

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பதினொரு மணி என்றால் பதினொரு மணிக்கு வரவேண்டாமா? பெரிய டாக்டர் பத்தரைக்கே வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். டாக்டர் குனிந்து மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்றுமில்லை. பேனாவை எடுத்தார்.

"சார், பேர் சொன்னா அவருக்குத் தெரியாது. ஏங்கன்னு கூப்பிடணும். காலையில கை தூக்கினார்."

"அப்ப நீங்களே கூப்பிடுங்க" என்றார்.

நானா? கடைக்காரரையும் கண்டக்டரையும் தினம் நூறு தரம் "ஏங்க" என்று கூப்பிடுகிறவள்தான் நான். அது வேறு. சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கூப்பிடுகிற "ஏங்க" வேறு. என் வீட்டுக்காரர் போய்ப் பதினொரு வருஷமாகிறது, அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. ஆனால் டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டாரே. பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனுஷனை எப்படிக் கூப்பிடுவேனோ, அப்படியே கூப்பிட்டேன்.

"ஏங்க, உங்களைத்தான். காது கேக்குதா இல்லையா?"

"ம்" என்றார் கொத்தனார். எல்லா வீட்டிலும் புருஷன்மார் சொல்கிற, சும்மா இரேன் என்கிற அதே "ம்". கண்ணும் பாதி திறந்தது.

டாக்டர் சிரித்துக்கொண்டே "பயிற்சி வார்டு" என்று எழுதினார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம். அப்படியொரு சந்தோஷம் கடைசியாக எப்போது வந்தது என்று எனக்கு நினைவில்லை.

மருந்தோடு வந்தவளிடம், "உன் புருஷனை ஏங்கன்னு கூப்பிட்டுட்டேன். சண்டைக்கு வராதே" என்றேன்.

"நல்லாக் கூப்பிடுங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒரு நாளும் முதல் தடவையில 'ம்' சொன்னதில்ல அவரு."

சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் கேட்டாள். "எழுதிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"அப்பாடா. இனிமேலாச்சும் காலை நீட்டி உக்காரு."

"பயிற்சி வார்டுக்கு மாத்தச் சொல்லிக் குடுத்திருக்கேன்டி. நாளைக்கு அங்க ஒரு கொத்தனாரை முதல் முதலா உக்கார வைக்கறாங்க. பின்னாடி பிடிச்சுக்க ஆள் வேணும்."