நாலு தகரம்

“நாலு மாசம் அக்கா, நாலு மாசமா ஒரு சல்லி—”

“நாலு தகரம் தம்பி. அத மொதல்ல சொல்லுங்க, நாலு தகரம்—”

“தகரத்தப் பத்தி நான் கேக்கவே இல்ல. நான் கேக்குறது வாடகைய—”

“வாடகதான் தகரமாகி மேல கெடக்கு. அண்ணாந்து பாருங்க.”

கிருஷ்ணராஜ் அண்ணாந்து பார்க்கவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு காலும் வாசல் படியில் ஒரு காலுமாக நின்று கையிலிருந்த போனைப் பார்த்தான், பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஏறி வரும் பாதையைப் பார்த்தான். நேசராணி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கொழுந்து எடுக்க மலைக்குப் போகவென்று இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியவள், அதை அவிழ்க்கவும் இல்லை, மலைக்குப் போகவும் இல்லை. எட்டு மணிக்குத் தொடங்கிய பேச்சு ஒன்பதாகியும் ஓயவில்லை.

“சொல்லாமக் கொள்ளாமலா போட்டேன்? கருப்பந்தேலா மரம் முறிஞ்சு கூரையில விழுந்திருச்சு, வந்து பாருங்கன்னு மூணு தடவ போன் பண்ணினேன். ‘பாப்பம்க்கா, பாப்பம்க்கா’ன்னீங்க. யாரு பாத்தா? நானும் மகளும்தான் படுத்துக்கிட்டே வானத்தப் பாத்தோம்.”

அடுத்த காம்பரா வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த ஜெயலெட்சுமி சிரித்துவிட்டாள். சிரித்ததை மறைக்கச் சட்டியைக் கொஞ்சம் சத்தமாக ஆட்டினாள்.

“அதெல்லாம் இப்பப் பேசி என்ன செய்ய. காம்பரா எனக்கு வேணும். இன்னைக்கே வேணும்.”

“இன்னைக்கா?”

“இன்னைக்கு. பதினோரு மணிக்குள்ள.”

நேசராணிக்கு அந்தப் பதினோரு மணிதான் உறுத்தியது. வாடகை கேட்கிறவன் மாசக் கடைசி என்பான், அடுத்த ஞாயிறு என்பான். மணி குறித்து எவன் கேட்பான்?

ஆறு வருசமாக அவளுக்கு லயத்து அறையான இந்தக் காம்பராதான் வீடு. கீழ் டிவிசனில் அவள் இருந்த லயத்துக்குப் பின்னால் மண் வெடித்து, எல்லாரும் வெளியேறுங்கள் என்று சொன்னபோது, கையில் பிடித்த மகள் ஜெசீகாவோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் இங்கே வந்தாள். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். ஆனால் கிருஷ்ணராஜின் அப்பா பெயரில் பதிவாகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின், ஹாலிஎலயில் கோழிக்கடை வைத்துவிட்ட மகன் சாவியைத் தோட்ட ஆபீசில் ஒப்படைக்காமல் நேசராணியிடம் கொடுத்து வாடகை வாங்கினான். துண்டுக் கடுதாசி கூடக் கிடையாது. ஆபீசுக்குத் தெரிந்தால் அவனுக்கும் காம்பரா இல்லை, கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிற அவளுக்கும் இல்லை. அந்தப் பயத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஆறு வருசம் ஓட்டிவிட்டார்கள்.

மாதத்தில் முதல் ஞாயிறு அவன் ஆட்டோவில் வருவான். இறங்க மாட்டான். ஹாரன் அடிப்பான், அவள் காசோடு இறங்கிப் போய்க் கொடுப்பாள். அவ்வளவுதான் வீட்டுக்காரனுக்கும் வீட்டுக்கும் இருந்த உறவு.

“ஆளு மட்டும்தான் வந்தீங்களா?” என்றாள் நேசராணி, பாதைப்பக்கம் எட்டிப் பார்த்து.

“நிரஞ்சலாவும் வந்திருக்கா. ஆட்டோவுல இருக்கா.”

“வரச் சொல்லுங்க. குளிருல ஏன் உக்கார வச்சிருக்கீங்க.”

“அவ வருவா, வருவா. நீங்க மொதல்ல சாமானக் கட்டுங்க.”

ஆனால் அவன் மனைவி அதற்குள் ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் சோற்றுப் பானை, அதற்குள் இரண்டு அகப்பை. தோளில் மகனின் பள்ளிக்கூடப் பை. கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய சட்டம் போட்ட படம். மேட்டில் கால் சறுக்கியதில் செய்தித்தாள் விலகி, வேலும் மயிலுமாக முருகன் வெளியே வந்தார்.

நேசராணி பானையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், முருகனைப் பார்த்தாள். அதுவரை நீங்க வாங்க என்று வந்த பேச்சு அங்கேயே இறங்கியது.

“ஏன்டா தம்பி, வாடக கேக்க வந்தவனுக்கு சாமிப் படம் எதுக்குடா?”

நிரஞ்சலாதான் மூச்சு வாங்கிக்கொண்டே, “இன்னும் சொல்லலையா நீங்க?” என்று புருசனைக் கேட்டாள்.

சொன்னது ஜெயலெட்சுமி. அரிசிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். “இன்னைக்கு கவர்மெண்டு மிஸ் வருதில்ல நேசம், லயத்து ஆளுங்களுக்குக் காணி கொடுக்கப் பேரு எழுத. யாரு யாரு எந்தக் காம்பராவுல குடியிருக்காங்கன்னு நேருல பாத்து எழுதப் போறாங்களாம். அடுப்புல சாம்பல் இருக்கா, கொடியில துணி கெடக்கான்னு கூடப் பாக்குறாங்களாம். மேல் லயத்துல நேத்துப் பாத்தாங்க. எழுதுற பேருக்குத்தான் காணி.”

மிஸ் வருவது நேசராணிக்கும் தெரியும். ஆனால் அது தோட்டத்துச் செக்ரோலில் பேர் போட்ட நிரந்தர ஆட்களுக்கு என்று நினைத்திருந்தாள். கைக்காசுக்காரியை யார் கேட்கப் போகிறார்கள் என்று படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பியிருந்தாள். இவன் இன்னும் அரை மணி நேரம் பிந்தி வந்திருந்தால் பூட்டை உடைத்துப் பானையை அடுப்பில் ஏற்றியிருப்பான். சாயங்காலம் அவள் வரும்போது எல்லாம் எழுதி முடிந்திருக்கும்.

அவள் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டாள்.

“அடுப்புல சாம்பல் இருக்கு. கொடியில துணி கெடக்கு. வரட்டும் மிஸ்.”

“அக்கா, இது எங்கம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்து வாழ்ந்த காம்பரா. அந்த மூலையிலதான் நான் பொறந்தேன்.” இப்போது கிருஷ்ணராஜின் குரலில் வாடகை இல்லை. “அப்பாவத் தூக்கிக்கிட்டுப் போனது இந்த வாசல் வழியாத்தான். எனக்கு இல்லாத உரிம ஒங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?”

“ஒங்கம்மாவ நான் ஒண்ணும் சொல்லல. அந்தம்மா இருந்திருந்தா இன்னைக்கு அவங்க பேர எழுதச் சொல்லி நானே தண்ணி கொடுத்து ஒக்கார வச்சிருப்பேன். நீ பொறந்த. சரி. அப்புறம் எங்க இருந்த?”

“வாடக வாங்குனேன்ல—”

“அதத்தான் கேக்குறேன். வாடக வாங்குறவன் குடியிருந்ததாச் சொல்லப்போறியா, குடியிருந்தவ வாடக கொடுத்ததாச் சொல்லட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

“உள்ள வச்சிட்டு வரட்டுமா, வேணாமா?” என்றாள் நிரஞ்சலா, பானை பாரத்தில்.

“வை வை,” என்று அவன் படத்தை வாங்கிக்கொண்டு, நேசராணியின் தோளை உரசியபடி உள்ளே நுழைந்தான். ஆறு வருசத்தில் முதல் தடவை.

உள்ளே ஒரே சுவரில்தான் ஆணி இருந்தது. அதில் மாதா படம். கீழே சின்ன பல்ப். அவன் மனைவியிடம் கண்ணைக் காட்டினான்.

“நான் தொட மாட்டேன்,” என்றாள் நிரஞ்சலா. “வேணும்னா நீங்களே தொடுங்க. அப்புறம் வாந்தி பேதின்னா என்னச் சொல்லக் கூடாது.”

அவனும் தொடவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தான். நத்தார் பண்டிகைக்கு நேசராணி சுண்ணாம்பு அடித்திருந்ததில் அந்தச் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. வாசலில் கிடந்த கல்லை எடுத்து, கொண்டுவந்த ஆணியை அறைந்து, முருகனை மாட்டினான். சற்றுத் தள்ளி நின்று, கோணலாக இருக்கிறதா என்று பார்த்து நேராக்கினான்.

நேசராணி ஆணி இறங்கிய இடத்தைப் பார்த்தாள்.

அவன் திரும்பியபோது குரலைத் தாழ்த்தியிருந்தான். “அக்கா, சண்ட வேணாம். நான் ஒண்ணு சொல்றேன். நாலு மாச வாடகையும் விட்டுட்டேன். தகரக் காசும் தர்றேன். நீங்க ஒரு மணி நேரம் ஜெயாக்கா வீட்டுல போயி இருங்க. மிஸ் வந்து எழுதிட்டுப் போகட்டும். நாங்க சாமானத் தூக்கிக்கிட்டுப் போயிருவோம். நீங்க பழைய மாதிரியே இருங்க. வாடகயக் கூட்டவும் மாட்டேன்.”

“சத்தியமா?”

“இந்தா, முருகன் மேல.”

நேசராணி மகளின் புத்தகங்கள் இருந்த பக்கம் பார்த்தாள். ஜெசீகாவுக்கு உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. காலையிலேயே அப்புத்தளைக்கு வகுப்புக்குப் போயிருந்தாள். மேசை என்று சொல்ல ஒரு பலகை, அதன் மேல் அவளுடைய புத்தகங்கள். இன்று இரவும் அந்தப் பலகை அதே இடத்தில் இருக்க வேண்டுமானால் ஒரு மணி நேரம் அடுத்த வீட்டில் உட்கார்ந்தால் போதும். அது பெரிய காரியமா? கடன் வாங்கி ஒளிந்தவர்கள் இல்லையா? நரை விழுந்த தலையோடு ஒரு மணி நேரம் ஒளிந்தால் தேய்ந்தா போய்விடுவாள்?

“எழுதின பெறகு?” என்றாள் மெல்ல. “காணி ஒன் பேருக்கு வரும். வந்த பெறகு?”

“அத அப்பப் பாத்துக்கலாம்க்கா.”

“பாப்பம்க்கா,” என்றாள் நேசராணி. “கூரைக்குச் சொன்ன அதே பாப்பம்க்கா.”

அவள் சுளகை எடுத்தாள். வாசலுக்கு நட்ட நடுவில், ஆள் தாண்டாமல் உள்ளே போக முடியாதபடி உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

“போகமாட்டேன் தம்பி. ஒரு மணி நேரம் ஜெயா வீட்டுல ஒளிஞ்சேன்னா, அப்புறம் ஆயுசுக்கும் ஒளிஞ்சவதான்.”

“அப்ப நான் ஆபீசுல சொல்றேன். வெளி ஆளு பூந்து இருக்காங்கன்னு.”

“சொல்லு. எத்தன வருசமான்னு கேப்பாங்க. யாருக்கு வாடக கொடுத்தன்னு என்னக் கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன், மாதா பாத்துக்கிட்டிருக்கு.”

“ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும்க்கா.”

“எனக்கு இல்லாமப் போறது பழக்கம். ஒனக்குத்தான் புதுசு.”

“கல்லு மாதிரி உக்காந்துட்டா,” என்று ஜெயலெட்சுமி யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். “தூக்கித்தான் வைக்கணும். கோழியத் தூக்குற கை, தூக்கிப் பாரேன் ராஜு.”

நிரஞ்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

நளீரா மிஸ் வந்தபோது பதினொன்றாக இன்னும் கால் மணி இருந்தது. மார்போடு அணைத்த கோப்பு, கையில் குடை, செருப்பெல்லாம் சேறு. பெரகலப் பக்கமிருந்து பனிமூட்டம் அவர் பின்னாலேயே ஏறி வந்து, கீழே தேயிலையை வரிசை வரிசையாக மூடிக்கொண்டிருந்தது.

“இது ஒம்பதாம் நம்பர் தானே? யாரு இருக்கிற இதில?”

“நாங்க மிஸ்—”

“நான் மிஸ்—”

இரண்டு குரலும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. மிஸ் பேனாவை மூடினார்.

“ஒரு ஆள் ஒரு ஆளாப் பேசுங்க. முதல்ல நீங்க.”

கிருஷ்ணராஜ் அடுக்கிக்கொண்டு போனான். அப்பா பெயர், அம்மா பெயர், கரண்ட் பில், அம்மாவின் பழைய சம்பளத் துண்டு. எல்லாம் பிளாஸ்டிக் உறையில் ஒழுங்காக இருந்தன. பானையைக் காட்டினான். மகனின் பையைக் காட்டினான். சாமிப் படத்தைக் காட்டினான். இந்த அக்கா அம்மாவுக்குத் தெரிந்தவர், பாவப்பட்டுச் சேர்த்துக்கொண்டோம், ஒத்தாசைக்கு இருக்கிறார் என்றான்.

“ஒத்தாசைக்கா,” என்றாள் ஜெயலெட்சுமி.

“நீங்க பேசாதீங்க,” என்றார் மிஸ். நேசராணி பக்கம் திரும்பினார். “உங்களிட்ட என்ன இருக்கு அக்கா? ஏதும் கடுதாசி?”

“ஒண்ணுமில்ல மிஸ்.”

“ரசீது?”

“கொடுத்தாத்தானே.”

“அப்ப நான் என்னத்த வச்சு எழுதுற? அவரிட்ட எல்லாம் இருக்கே.” மிஸ் எரிச்சலோடு சொல்லவில்லை. இதே கதையை மேல் லயத்தில் நேற்று மூன்று தடவை கேட்டவர்போல் அலுப்பாகச் சொன்னார். பேனாவைத் திறந்தார்.

கிருஷ்ணராஜின் முகம் தெளிந்தது. நீண்ட வரிசையில் நின்று கடைசிச் சீட்டு கிடைத்தவன்போல் மூச்சு விட்டான். அந்த நேரம் கூரையில் ஒரு துளி விழுந்தது. தகரத்தில் விழுகிற முதல் துளிக்கு எப்போதும் கல் விழுகிற சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாமல்.

நேசராணி சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். முழங்கால் வலித்தது, சுவரைப் பிடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், அடியில் கறுப்பு ஏறிய அலுமினியச் சட்டியை எடுத்து வந்து கிருஷ்ணராஜின் கையில் கொடுத்தாள். என்னவென்று தெரியாமல் அவனும் வாங்கிக்கொண்டான்.

“மிஸ், ஒரு நிமிசம் எழுதாதீங்க,” என்றாள். பேனா நின்றது.

அவள் கிருஷ்ணராஜைப் பார்த்தாள். ஹாலிஎலக்காரனைப் பார்த்த மாதிரி இல்லை, பக்கத்துக் காம்பராப் பையனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள்.

“கூரையில அஞ்சு எடம் ஒழுகுச்சு தம்பி. நாலு தகரம் வாங்க முடிஞ்சுச்சு, நாலத்தான் அடைச்சேன். அஞ்சாவது இன்னும் ஒழுகுது. ஒன் வீடுன்னு சொன்னில்ல, சட்டிய எந்த எடத்துல வைக்கணுமோ, தண்ணி சொட்டுறதுக்கு முன்னாடி அங்க வச்சிரு, நான் இப்பவே எறங்கிப் போயிர்றேன்.”