மாறாத இரண்டு தாள்கள்

மரியநாயகி பெண் பார்க்க வந்தது வீட்டுக்கு அல்ல, வகுப்பறைக்கு.

இலங்கையின் மலைநாட்டுத் தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நனைந்த குடையை மடக்கிக்கொண்டு நேராக எட்டாம் வகுப்பின் வாசலில் வந்து நின்றாள். அவள் மகன் றோலண்டுக்கு நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்தில் வேலை. அம்மா இன்று கிளம்பிய விஷயம் அவனுக்கே தெரியாது.

இசபெல் டீச்சருக்கு அவளைப் படத்தில் பார்த்த ஞாபகம் இருந்தது. அதைவிட, றோலண்ட் போன வாரம் எழுதிய கடிதம் நன்றாக ஞாபகம் இருந்தது. 'அம்மாவுக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. வேலையைத்தான் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். நான் சொல்லிப் பார்க்கிறேன்.' சொல்ல வேண்டியவள் தான்தான் என்று இசபெல் அன்றே முடிவு செய்திருந்தாள். இவ்வளவு சீக்கிரம் என்றுதான் நினைக்கவில்லை.

"வாங்கம்மா. பாடம் முடிய இன்னும் அரை மணி இருக்கு. பின்னால உக்காருங்க."

"பாடத்த நிறுத்த மாட்டியா?"

"மாட்டேன்மா. புள்ளைங்க மூணு மைல் நடந்து வந்திருக்குதுங்க."

மரியநாயகி உதட்டைச் சுழித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கரும்பலகையில் 12.6.1962 என்ற தேதிக்குக் கீழே 'நடுநிலையாக்கல்' என்று எழுதியிருந்தது. மேசை மேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் பால் விடாத மெல்லிய சாயத் தேத்தண்ணி, பக்கத்தில் எலுமிச்சங்காய். பள்ளிக்கூடத்துக்கு வந்த பாசிச்சாயம் என்னும் லிட்மஸ் தாள்களில் சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும்தான் மிச்சம். அமிலம் நீலத் தாளைச் சிவப்பாக்கும். காரம் சிவப்புத் தாளை நீலமாக்கும். அந்த இரண்டையும் கடைசிக்கு வைத்துவிட்டு, அதுவரை தேத்தண்ணியை வைத்தே சமாளிப்பது என்பது இசபெலின் ஏற்பாடு.

"இது சும்மா வச்ச தம்ளர். இத யாரும் தொடாதீங்க. மத்ததுல எலுமிச்சம் புளிய விடுறேன், பாருங்க."

எலுமிச்சைச் சாறு விழுந்ததும் தேத்தண்ணி வெளுத்து மஞ்சளாயிற்று. பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்தார்கள்.

"எங்க லயத்து தேத்தண்ணி புளி விடாமலே இப்படித்தான் டீச்சர் இருக்கும்!" என்றான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வரும் ஆண்டியப்பன். வகுப்பே சிரித்தது.

"சரி, இப்ப காரம் வேணும். பூரணி, சுண்ணாம்பு எங்க?"

பூரணி எழுந்து ஒரு வெற்றிலையை விரித்துக் காட்டினாள். இலை மட்டுந்தான் இருந்தது. வழியெல்லாம் பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து அவள் சட்டைப் பையோடு போயிருந்தது. "அம்மா நெறைய வச்சுத்தான் டீச்சர் குடுத்தாங்க..." அவள் முகம் அழுவதற்குத் தயாராகிவிட்டது.

இசபெல் நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தாள். மரியநாயகியின் வாய் நன்றாகச் சிவந்திருந்தது.

"அம்மா, கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்களேன்."

"நல்லா இருக்கே! பொண்ணு பாக்க வந்தவகிட்டயே சுண்ணாம்பு கேக்குறியா?"

பெண் பார்ப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் முப்பது தலைகளும் ஒன்றாகத் திரும்பின. இசபெலின் காது சிவந்தது. ஆனாலும் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

மரியநாயகி சுருக்குப் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்துக்கொண்டு மேசைக்கே வந்தாள். "நீ தள்ளு புள்ள. முப்பது வருசமா வெத்தலைக்குத் தடவுற கை. அளவு எனக்குத் தெரியும்." விரல் நுனியில் எடுத்துத் தம்ளரில் வழித்துக் கலக்கினாள்.

வெளுத்திருந்த தேத்தண்ணி கண் முன்னாலேயே கறுத்தது. தொடாத தம்ளரைவிட மூன்று மடங்கு கறுப்பு.

வந்தவளைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் போதும் என்பது இசபெலுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"கூடிப்போச்சும்மா," என்றாள். "வெத்தலைக்குச் சரியான அளவு இந்தப் புளிக்கு ரொம்ப அதிகம்."

மரியநாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தம்ளரைப் பார்த்தாள். "அப்ப மறுபடி புளிய விட்டா?"

"விடலாம். நான் சொட்டுச் சொட்டா விடுறேன், நீங்க கலக்குங்க."

இரண்டு பேரும் மேசை மேல் குனிந்தார்கள். ஒரு சொட்டு, கலக்கல், பக்கத்துத் தம்ளரோடு ஒப்பிடல். இன்னொரு சொட்டு. பிள்ளைகள் தாங்களாகவே எண்ணத் தொடங்கினார்கள். பதினேழாவது சொட்டில் மரியநாயகி, "போதும், நிறுத்து," என்றாள். இரண்டு தம்ளர்களும் ஒரே நிறத்தில் நின்றன. அவள் ருசி பார்க்கத் தம்ளரைத் தூக்கினாள்.

"வாயில வைக்கக் கூடாது!" என்று முப்பது குரல்களும் கத்தின. முதல் நாள் பாடத்திலிருந்தே டீச்சர் சொல்லி வைத்த சட்டம் அது. மரியநாயகி பயந்துபோய்த் தம்ளரைக் கீழே வைத்தாள்.

இசபெல் நீலத் தாளை நனைத்து எடுத்தாள். நீலமாகவே இருந்தது. சிவப்புத் தாளை நனைத்தாள். அதுவும் சிவப்பாகவே இருந்தது.

"ஒண்ணுமே ஆகலயே டீச்சர்," என்றாள் பூரணி ஏமாற்றத்தோடு.

"அதான் பதில். புளியோட வேகமும் இல்ல, சுண்ணாம்போட வேகமும் இல்ல. ஆனா ரெண்டும் எங்கயும் ஓடிப் போகல பூரணி. ஒண்ணோட ஒண்ணு சேந்து தண்ணியாவும் ஒரு வகை உப்பாவும் மாறி இதுக்குள்ளதான் இருக்கு. எழுதிக்க."

மணி அடித்தது. பிள்ளைகள் போன பிறகு இசபெல் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"நான் வேலைய விட மாட்டேன்மா. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மாத்தல் கேட்டு எழுதுவேன். சமைப்பேன், உங்களப் பாத்துக்குவேன். இத மட்டும் விட மாட்டேன்."

"மூஞ்சிக்கு நேரா கூடிப்போச்சுன்னு சொன்னியே, அப்பவே தெரிஞ்சிச்சு," என்றாள் மரியநாயகி. "விடச் சொல்லி இப்ப யாரு கேட்டா?"

"அவரு எழுதின கடிதத்துல இருந்திச்சே."

"அது காலையில பஸ் ஏறுற வரைக்கும்." அவள் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "சனிக்கிழமை அவனக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வர்றோம். தேத்தண்ணி நல்ல சாயமா போடச் சொல்லு."

"அத்த! டப்பாவ விட்டுட்டுப் போறீங்க."

அத்தை என்ற சொல்லுக்கு மரியநாயகி ஒரு கணம் நின்றாள்.

"இருக்கட்டும். அடுத்த வகுப்புக்கு ஆகும்ல," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.