நட்சத்திரக் குறி

அன்று மாலை அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் பாக்கியநாதன், வலது கையில் கட்டு. அவன் காலருகே தணிகைவேல். ஜன்னல் திட்டில் பரசுராமன். வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல், வீட்டுக்காரம்மா கங்கம்மா. சுவரில் சாய்ந்து நின்றவன் லோகு. அவனை உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

பேச வேண்டியது ஒன்றுதான். லோகு இந்த அறையில் இருப்பதா, போவதா.

கங்கம்மா தவிர மற்ற நால்வருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே இரும்பு ஆலையில் வேலை. ஷிப்டு மாறி மாறி வருவதால் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் வழக்கமே கிடையாது. கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது தாழ்ப்பாளுக்கும் சேர்த்து அடித்து, அது அப்படியே இறுகிப்போயிருந்தது. எந்த நேரத்திலும் வருகிறவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, காலியாகக் கிடக்கும் பாயில் விழுவான். இந்த ஊரில் லோகுவுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். தட்டாமலே திறக்கிற கதவு.

இன்ஜினியரிங்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவன் அவன். கணக்கு ஏறவில்லை. திருவள்ளூரில் வீட்டோடு பேச்சு நின்றுபோய் நாளாகிறது. கல்லூரியிலிருந்து அவன் எடுத்துக்கொண்டு வந்தது இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மட்டும். ஆலையில் அதற்கு ஒரு பிழைப்பு கிடைத்தது. வடக்கிலிருந்து வந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஒரு ஷிப்டுக்காரன் அடுத்த ஷிப்டுக்குச் சொல்ல வேண்டியதை வாட்ஸப் குரூப்பில் இங்கிலீஷில்தான் போட வேண்டும். ஆட்கள் கைக்கு வந்ததைப் போட்டார்கள். மெஷின் உடைந்ததற்கு வண்டியை நிறுத்துகிற பிரேக்கைப் போட்டார்கள். எடை போட்டேன் என்பதற்குக் காத்திருந்தேன் என்று எழுதினார்கள். போட்ட மறுநிமிஷம் கீழே லோகுவின் பதில் வந்து நிற்கும். ஒரு நட்சத்திரக் குறி, பக்கத்தில் சரியான சொல். வேறொன்றும் இருக்காது.

முதலில் சிரித்தார்கள். ஸ்டாரு என்று பெயர் வைத்தார்கள். யாரோ தனக்கென்று ஒரு பெயர் வைத்தது அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னும் வேகமாகத் திருத்தினான்.

தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்ட பரசுராமன், எழுத்து மாறிப்போய், தங்கை கல்யாணத்துக்கு உயிரோடு இருக்க அனுமதி கேட்டிருந்தான். லோகு நட்சத்திரம் போட்டான். மேனேஜர் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் போட்டார். அன்றிலிருந்து கேன்டீனில் அவன் லைவு பரசு. பரிமாறுகிறவர்கூட, உயிரோடதான் கீறியா என்று கேட்டுவிட்டுத்தான் சோறு வைத்தார்.

அதற்குப் பிறகு குரூப்பில் கட்டைவிரல் பொம்மை மட்டும்தான் வந்தது. யாரும் எழுதவில்லை. தப்பு குறைந்துவிட்டதாக லோகு நினைத்தான்.

பாக்கியநாதன் ஒருவன்தான் தானாகப் போனை நீட்டுவான். பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்யும் ஸ்நேகாவுக்கு அவன் அனுப்புவதெல்லாம் லோகு கை பட்டுத்தான் போகும். அதில் லோகு நட்சத்திரம் போட்டதில்லை. சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்துவிடுவான்.

போன வாரம் பகல் ஷிப்டு முடிகிற நேரம், கன்வேயரை மூடியிருக்கும் இரும்புத் தகட்டில் ஒரு போல்ட் லூசாக ஆடுவதைப் பரசுராமன் பார்த்தான். குரூப்பில் போடப் போனை எடுத்தான். அடித்தான், அழித்தான். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஏறிவிட்டான். அன்று இரவு தகடு நழுவி, பாக்கியநாதனின் இரண்டு விரல் நுனிகள் போயின. பக்கத்தில் நின்றிருந்த லோகுதான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

பேச்சைத் தணிகைவேல் ஆரம்பித்தான். இவன் இருக்கிற அறையில் வாயைத் திறக்கவே யோசனையாக இருக்கிறது என்றான். தூக்கத்தில் உளறினால்கூட ஸ்டார் போட்டுவிடுவான் என்றான். யாரும் சிரிக்கவில்லை. சண்டை கிண்டை வேண்டாம் நைனா, மேல் வீட்டில் குழந்தை தூங்குகிறது என்றாள் கங்கம்மா.

லோகு பரசுராமனைப் பார்த்தான்.

"பாத்தவன் நீ. எழுத வரலன்னா ஒரு போன் போட்டுக் கீலாம்ல?"

"கீலாம். என் தப்புதான், அவன் கால்ல வுழுந்துட்டுதான் வந்து குந்திக்கினு கீறேன்." பரசுராமன் குரலை உயர்த்தவில்லை. "அந்த லூசுக்கு ஒரு ஓவா ரெண்டு ஓவான்னு தெரியல. பஸ்ஸு ஏறுற வரைக்கும் போல்ட்டு என் கண்ணுல இல்ல லோகு. உன் ஸ்டாருதான் இருந்துச்சு. நீ இன்னா சொல்ற?"

லோகுவிடம் பதில் இருந்தது. சரியான சொல்லைச் சொல்வது குற்றமா என்று கேட்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை நின்றது யார் என்று கேட்கலாம். இரண்டும் நியாயம்தான். இரண்டையும் இங்கே யாரும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை என்பது தெரிந்தது. பாக்கியநாதனைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்ற இருவரும் அடங்கிவிடுவார்கள்.

பாக்கியநாதனின் போன் அதிர்ந்தது. ஸ்நேகா. இடது கையால் எடுத்துப் படித்தான். பதில் அடிக்கப் பார்த்தான், கட்டைவிரல் எட்டவில்லை. லோகு பழக்கத்தில் ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினான்.

பாக்கியநாதன் போனைப் பரசுராமனிடம் கொடுத்தான்.

அவன் சொல்லச் சொல்ல, பரசுராமன் ஒவ்வொரு எழுத்தாக வாயில் முணுமுணுத்துக்கொண்டு அடித்தான். டாக்டர் கையை அசைக்கச் சொல்லியிருக்கிறார். வலி பரவாயில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம். வாரம் என்ற இடத்தில் விரல் நின்றது. தணிகைவேல் எட்டிப் பார்த்தான்.

"எதுனா ஒண்ணு போடுடா. அவங்களுக்குப் புரியும்."

திரை லோகுவுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. அடுத்த பலவீனம் பார்க்கலாம் என்று இருந்தது. சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவன் சொல்லவில்லை. செய்தி அப்படியே போயிற்று. உடனே ஒரு சிவப்பு இதயம் வந்தது. பாக்கியநாதன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகுதான் லோகு பக்கம் திரும்பினான்.

"காலைல வந்தா தட்டு லோகு. உன் பையை எடுத்துத் தருவானுங்க."

இவ்வளவுதான். கங்கம்மா வழிவிட்டு எழுந்து, பக்கத்துத் தெருவில் ஓர் ஆள் படுக்கிற மாதிரி ஒரு ரூம் இருக்கிறது, காலையில் வந்து கேள் நைனா என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். லோகு ஹெல்மெட்டையும் சோற்று டப்பாவையும் எடுத்துக்கொண்டான். நைட் ஷிப்டு பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தாலும் கிளம்பினான்.

படியில் கால் வைத்தபோது பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே யாரோ தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார்கள். அது அசையவில்லை. எதையோ எடுத்து ஓங்கித் தட்டினார்கள். பெயின்ட் விட்டது. கதவுக்குத் தாழ் விழுந்தது.