நடுவரின் மனைவிக்குக் கிடைத்த இருக்கை

இருபத்து மூன்று வருடங்களாக என் கணவர் டெல்பர்ட், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எல்லைக்கோட்டு நடுவர். வாரநாட்களில் விதையும் உரமும் விற்கும் கடைக்கு மேலாளர். சனிக்கிழமையானால் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, இடுப்பில் தவறு கண்டால் வீச ஒரு மஞ்சள் துணி, வாயில் விசில்.

சீசனுக்கு ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் நான் போவேன். அதற்கும் அவர் விதி வைத்திருந்தார். இரண்டு அணிகளின் நிறமும் என் உடம்பில் இருக்கக் கூடாது. யாருடைய மனைவி என்று வாயைத் திறக்கக் கூடாது. பாதி என் பாதுகாப்புக்காக; பாதி என் வாய்க்குப் பயந்து.

அந்த வருடம் அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கே ஒரு சின்னக் கல்லூரி ஊருக்குப் போனேன். மதியம் பன்னிரண்டுக்கு ஆட்டம். ஒன்பதரைக்கே காரை நிறுத்த இடமில்லை. மைதானத்தைச் சுற்றியிருந்த புல்வெளி முழுக்கக் கூடாரம், அடுப்பு, புகை. பிக்கப் வண்டிகளின் பின்கதவை இறக்கி, அதன்மேல் பன்றிக்கறியை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். பேண்டு வாத்தியக்காரப் பிள்ளைகள் வரிசையாகப் போனபோது, கையில் தட்டு வைத்திருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

நான் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. காரணம் டெல்பர்ட்டின் வலது கண்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை அவர் காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த வாரம் தலையை ஒருபக்கம் சாய்த்துச் செய்தித்தாள் படித்தார். அப்போது நான் சிரிக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, பார்வையின் நடுவில் ஒரு மங்கல் விழுந்திருக்கிறது, ஊசி போட்டால் பரவாமல் நிறுத்தலாம், போனது திரும்பாது என்றார்.

"இந்த சீசன் முடியட்டும், ரொவீனா" என்றார் டெல்பர்ட். "அப்புறம் நானே சொல்லிடறேன்."

நானும் சரி என்றேன். அதில் என் பங்கை மறைக்க வேண்டியதில்லை.

என் இருக்கை உள்ளூர்க்காரர்களுக்கு நடுவில். இடதுபக்கம் ராய்ஸ் என்று ஒருவர், அறுபத்தைந்து வயதிருக்கும், தலை முதல் கால் வரை உள்ளூர் அணியின் அரக்குச் சிவப்பு. அவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி நெட்டி, மடியில் அவித்த வேர்க்கடலைப் பை.

"ஏம்மா, சாம்பல் கலர்ல வந்திருக்கீங்களே, எந்த ஊரு டீமு?" என்றார் ராய்ஸ்.

"சும்மா பார்க்க வந்தேன்."

"சும்மா பார்க்கவா! நெட்டி, கேட்டியா? இவங்க சும்மா பார்க்க வந்தாங்களாம்."

"நீங்க அவர் பேச்சைக் காதுல போட்டுக்காதீங்க. கடலை எடுங்க" என்று நெட்டி பையை நீட்டினாள்.

முதல் பாதி பிரச்சினையில்லாமல் போயிற்று. டெல்பர்ட் எதிர்ப்பக்கக் கோட்டில் ஓடினார், நின்றார், கையைத் தூக்கினார். ராய்ஸ் எல்லா நடுவர்களையும் பாரபட்சமில்லாமல் திட்டினார். அவர் இரைந்து கத்துவதைத்தான் திட்டு என்று சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தை ஒன்றுகூட வரவில்லை, நெட்டி பக்கத்தில் இருந்ததால்.

ஆட்டம் முடியப் பதினொரு விநாடி. உள்ளூர் அணி நான்கு புள்ளி பின்னால். கடைசி வாய்ப்பு. கூட்டம் முழுக்க எழுந்து நின்று அலுமினியப் பலகைகளை மிதித்ததில் என் பல் அதிர்ந்தது. பந்து மேலே போய், கடைக்கோட்டு மூலையில் இறங்கியது. ஒல்லியான ஒரு பையன் எம்பிப் பிடித்தான். கால் உள்ளே ஊன்றியிருந்தால் உள்ளூர் ஜெயிக்கும். வெளியே என்றால் தோல்வி. அவனுக்கு மூன்றடி தூரத்தில் டெல்பர்ட் நின்றார்.

அவர் எப்போதும் உடனே கை காட்டுவார். அன்று காட்டவில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்தார், செய்தித்தாள் படிப்பது போல. பிறகு கைகளைக் குறுக்கே வீசினார். செல்லாது.

இருபதாயிரம் பேர் ஒரே குரலில் ஊளையிட்டார்கள்.

"டேய், குருட்டுப் பயலே!" என்று ராய்ஸ் தொப்பியைக் காலடியில் அடித்தார். "எங்க அத்தை கல்லறையில இருந்தே இதைவிட நல்லாப் பார்ப்பாடா! கண்ணாடி வாங்க நான் காசு தர்றேன், வா!"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

வீடியோவில் மறுபடி பார்த்தார்கள். பெரிய திரையில் அந்தப் பையனின் பாதம் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. ஷூவின் நுனி வெள்ளைக் கோட்டின் மேல். கோட்டைத் தொட்டாலே வெளியேதான். இரண்டாவது கோணத்திலும் அதுதான். தீர்ப்பு மாறவில்லை. கூட்டம் முனகிக்கொண்டே கலைய ஆரம்பித்தது.

ராய்ஸ் தொப்பியை எடுத்துத் தட்டினார். "சரி, ஒத்துக்கறேன். கோட்டுல மிதிச்சுட்டான். அந்த ஆளுக்குப் பருந்துக் கண்ணு."

நெட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரரா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஆட்டம் பூரா நீங்க பந்தையே பார்க்கலை. அந்த மனுஷனைத்தான் பார்த்தீங்க. எங்க பையன் ஆடினப்ப நானும் அப்படித்தான் பார்ப்பேன்."

ராய்ஸின் முகம் அவர் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. "அடக் கடவுளே. நான் என்னென்ன சொன்னேன்?"

"அத்தை வரைக்கும் போனீங்க" என்றேன்.

அவர் என்னை விடவில்லை. தன் வண்டி வரை கூட்டிப்போய், மிச்சமிருந்த பன்றிக்கறியையும் ரொட்டியையும் அலுமினியத் தாளில் சுற்றிக் கையில் திணித்தார். "அவர்கிட்ட குடுங்க. யாரு குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க."

நடுவர்களைப் போலீஸ் காவலோடு அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு அழைத்துப்போவார்கள். அங்கேதான் டெல்பர்ட்டை ஏற்றிக்கொண்டேன். நான்தான் ஓட்டினேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய் சாப்பிட்டார்.

"சரியாத்தான் சொன்னே" என்றேன். "திரையில பார்த்தேன்."

"பார்த்துச் சொல்லலை, ரொவீனா."

"பின்னே?"

"பையன் பாதம் இருந்த இடத்துல எனக்கு வெறும் சாம்பல்தான் தெரிஞ்சுது. அவன் விழுந்த விதத்தை வெச்சு வெளியதான் இருக்கணும்னு நினைச்சேன். குத்துமதிப்பா அடிச்சேன்." பொட்டலத்தை மடியில் வைத்தார். "அந்தப் பையன் நாலு மாசமா ஓடிப் பழகியிருப்பான். நான் குத்துமதிப்பா அடிச்சேன்."

"சரியாத்தானே போச்சு?"

"இன்னிக்கு."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. ஆகஸ்டிலேயே வாதாடியிருக்க வேண்டியது.

திங்கட்கிழமை காலை, கடைக்குப் போகுமுன் சமையலறையிலிருந்தே நடுவர்களின் மேலாளருக்குப் போன் செய்தார். அந்தப் பக்கக் குரல் எனக்கே கேட்டது. "டெல்பர்ட், இந்த வாரம் உனக்குத்தான் எல்லாரையும்விட நல்ல மதிப்பெண் போட்டிருக்கேன். என்னய்யா உளர்றே?"

டெல்பர்ட் கண்ணைப் பற்றிச் சொன்னார். எப்போதிலிருந்து என்றும் சொன்னார். "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் மேலாளர்.

"ஆமா" என்றார் டெல்பர்ட்.

மிச்சமிருந்த நான்கு ஆட்டங்களுக்கும் வேறொருவரைப் போட்டார்கள். முதல் சனிக்கிழமை டெல்பர்ட் இலை கூட்டினார். இரண்டாவது சனிக்கிழமை, கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார். மூன்றாவது வாரம் நான் பக்கத்து ஊர்க் கல்லூரி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவந்தேன். உச்சி வரிசை. காற்று பிய்த்துக்கொண்டு போனது.

முதல் புள்ளிகள் விழுந்ததும் சுற்றிலும் எல்லோரும் குதித்தார்கள். டெல்பர்ட் கைகளை முழங்காலில் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்று வருடமாக யாருக்கும் கை தட்டாதவர்.

என் காதருகே சாய்ந்து கேட்டார்: "நாம யாரு பக்கம்?"

"உனக்கு யாரைப் பிடிச்சிருக்கோ அவங்க."

புள்ளிப் பலகையைப் பார்த்தார். பிறகு, தோற்றுக்கொண்டிருந்த பச்சைச் சட்டைக்காரர்கள் ஐந்து கெஜம் முன்னேறியபோது, இரண்டு முறை கை தட்டினார்.