நகர்த்தாத நாற்காலி

புதன்கிழமை நாலு மணிக்குப் பயிற்சியாளர் படியேறி வந்தபோது, புது மேலாளர் அன்றும் தன் சொந்த அறையிலேயே விருந்தாளியாகத்தான் உட்கார்ந்திருந்தார். பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்ட இரண்டு நாற்காலிகளில் ஒன்று அவருக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய சாரின் சுழல் நாற்காலி, கைப்பிடியில் பழுப்பு டேப் சுற்றிக்கொண்டு காலியாகக் கிடந்தது. கம்பெனியை நடத்திவந்த பெரிய சார் செத்து இரண்டு வருஷம்.

சின்னக் கம்பெனிகள் பெரிய பதவிக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்தால், அவர் காலூன்றும்வரை வாரம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து வழிகாட்டுவது பயிற்சியாளரான அவள் தொழில். இந்த அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு இவர் மூன்றாவது ஆள். முன்னால் வந்த இருவரும் ஆறு மாதம் தாங்கவில்லை. பெரிய சாரின் தங்கையான முதலாளியம்மா சற்றுமுன்தான் கீழே அவளைப் பிடித்து நிறுத்தினார்.

"பார்த்துச் சொல்றோம்னு அவருக்குக் குடுத்த ஆறு மாசம் இன்னியோட முடியுது. அந்த மனுஷன் இருந்த வேலையை விட்டுட்டு, பொண்டாட்டி புள்ளையோட ஊர் மாறி வந்திருக்கார். வேணுமா வேண்டாமா, போகும்போது ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போங்க."

அந்த ஒரு வார்த்தை எது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

"இன்னும் இங்கேதானா சார்?" என்றாள்.

"நீங்கதானே மேடம், எதையும் நகர்த்தாதீங்கன்னு சொன்னீங்க?"

சொன்னாள்தான். 'முதல் முப்பது நாள் எதையும் நகர்த்தாதீங்க, பாருங்க, கேளுங்க' என்று எல்லோருக்கும் சொல்வதுதான். முப்பத்தோராம் நாள் வந்து 'இனி நகர்த்துங்க' என்று சொல்வதும் வழக்கம். அந்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். பிறகு சொன்னதாகவே நினைத்துக்கொண்டாள். நோட்டைப் புரட்டினாள். அந்தத் தேதிக்கு நேரே வெறும் கோடு. சொல்லவே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். ஒட்டடைக்கம்பு உயரம், எல்லோருக்கும் அவர் 'நெட்டை'.

"சார், பசை பிடிக்கல. நாலாயிரம் பெட்டி, கை வெச்சா வாயைப் பொளக்குது. லாரி வந்து நிக்குது. ஏத்தவா, நிறுத்தவா?"

கேட்டது காலி நாற்காலியிடம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். மேலாளரும் அதையே பார்த்தார். யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்தார்.

"ஏத்தச் சொல்றார்."

"யாரு?" என்றாள் அவள்.

மேலாளர் நாற்காலியிலிருந்து கண்ணை எடுத்தார். "பெரிய சார் லாரியைக் காக்க வெக்க மாட்டாராம் மேடம். எல்லாரும் சொல்றாங்க."

"தப்பு என்னுது சார். முப்பது நாள் முடிஞ்சு எவ்வளவோ ஆச்சு. எழுந்து அங்க போய் உட்காருங்க."

"முடியாது மேடம்." குரல் இறங்கிப்போனது. "அது சூடா இருக்கு. எப்பவும். இப்பத்தான் எழுந்து போன மாதிரி."

நெட்டை தரையைப் பார்த்தார்.

அவள் மேசையைச் சுற்றிப் போய் நாற்காலியில் உள்ளங்கையை வைத்தாள். அந்த அறைச் சன்னலில் வெயில் காலையில் மட்டும்தான். அப்படியும் இருக்கை கதகதவென்று, ஓர் உடம்பின் சூட்டோடு இருந்தது. கையை எடுக்காமலே திரும்பிச் சிரித்தாள்.

"சில்லுனு இருக்கு சார். வாங்க."

அவர் வந்தார். உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சென்றது. நெற்றி வியர்த்தது; ஆனால் குரல் நிலைத்து வந்தது.

"லாரியைத் திருப்பி அனுப்புங்க. ஒரு பெட்டி வெளிய போகக்கூடாது. எல்லாத்தையும் மறுபடி ஒட்டுங்க."

"சரிங்க சார்," என்று அவர் முகம் பார்த்தே சொன்னார் நெட்டை. வாசல்வரை போனவர், மேலாளர் எழுந்து வந்த நாற்காலியின் பக்கம் திரும்பி, லேசாகக் குனிந்தார். "வரேன் சார்."

கீழே முதலாளியம்மா பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"வேணும்," என்றாள் அவள்.

பணி நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. முதலாளியம்மா பேனாவை மூடவில்லை.

"அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டாரா?"

"உட்கார்ந்துட்டார்மா."

"அப்போ எங்கண்ணன் எங்க உட்காருவான்?"

அது எங்கே என்று அவளுக்குத் தெரியும். அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு அந்த அறையில் அவளுக்கு இருப்பது நெட்டை குனிந்து விடைபெற்ற அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலிதான்.