எண் ஆறு: ஆர்வமில்லை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஓர் ஆய்வறிக்கைக்குப் பிழை திருத்தும் வேலை வந்தது. தாய்மார்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அரசு தரும் சத்துணவு உதவியை ஏன் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு பல்கலைக்கழகமும் ஓர் உதவி மையமும் கூட்டாகச் செய்த ஆய்வு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கையில் எடுத்தது என் தப்பு. கண் சொக்கியது. நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி: 'காரண எண் 6 நீக்கப்பட்டது. காண்க: கவுன்ட்டர் ஊழியரின் வாக்குமூலம்.'

வாக்குமூலமா! ஆய்வறிக்கையிலா! தூக்கம் போன இடம் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு தாய் தன் குழந்தையை மார்போடு அணைத்தபடி...'

(வேண்டாம். மழையும் தாயும் சேர்ந்து வந்தால் நான் உங்களை அழவைக்காமல் விடமாட்டேன். என் கை அப்படி.)

இரண்டாம் தொடக்கம்: 'ஊட்டச்சத்து என்பது ஒரு சமுதாயத்தின்...'

(நீங்களே மூடி வைத்துவிடுவீர்கள்.)

சரி, நேராகவே வருகிறேன். கவுன்ட்டர் அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. 'கவுன்ட்டர் அக்கா' என்பது மையத்துக்கு வரும் தாய்மார்கள் வைத்த பெயர். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. இந்தப் பக்கம் கணினி, அந்தப் பக்கம் குழந்தைகளை நிறுக்கும் எடை மேடை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையை நேரில் கொண்டுவந்து எடை பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். வராதவர்களின் கோப்பை மூட வேண்டும். மூடும்போது கணினி காரணம் கேட்கும். சொல்லாமல் அடுத்த திரைக்கு விடாது.

பட்டியலில் ஆறு காரணங்கள். ஊர் மாறினார், வருமானம் கூடியது என்று முதல் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆறாவதுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வேண்டாம். ஆறாவது: 'ஆர்வமில்லை.'

அக்கா ஆறை அழுத்தினார். நான்கு வருடம் அழுத்தினார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. வெளியே வரிசை நின்றது, அவ்வளவுதான்.

3

ஆய்வாளர் சின்ன வயதுப் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுகிற ரகம். ஒருநாள் அவர் மைய மேலாளரின் அறையில் ஒரு வட்டப்படத்தை விரித்துவைத்தார். விலகிய தாய்மார்களில் நூற்றுக்கு எண்பத்து மூன்று பேருக்கு ஆர்வமில்லை.

"ஆர்வமே இல்லாதவங்களுக்கு எதுக்குங்க ஒரு மையம்?" என்றார் மேலாளர். "மாசக் கடைசியோட மூடிட்டு ஆளுங்களை வேற இடத்துக்கு மாத்திடலாம்."

கோப்புக்கட்டோடு உள்ளே வந்த அக்கா கதவோரம் நின்றுவிட்டார். மேசையில் கிடந்த பட்டியலின் மேல்வரியில் 1184 என்ற எண். அது சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண்ணின் கோப்பு. அவள் மூன்று முறை வந்தாள். முதல் தடவை பன்னிரண்டு பத்துக்கு, ஜன்னல் மூடியாகிவிட்டது. இரண்டாம் தடவை காய்ச்சல் கண்ட குழந்தையை வீட்டில் விட்டு வந்தாள். குழந்தை இல்லாமல் எடை ஏது? மூன்றாம் தடவை, லீவு கிடைக்கவில்லை, சனிக்கிழமை வரலாமா என்று கேட்க மட்டும் வந்தாள். சனிக்கிழமை மையம் விடுமுறை. அவளுக்கும் ஆறு.

அக்கா வாயைத் திறந்தால் நான்கு வருடப் பொய்ப்பதிவு வெளியே வரும், வேலை போகும். திறக்காவிட்டால் மையம் போகும்.

(இங்கேதான் எனக்கு இந்த அக்கா மேல் சந்தேகம் வந்தது. நானாக இருந்தால் கோப்புக்கட்டை வைத்துவிட்டு நைசாக நழுவியிருப்பேன். அதனால் என் முதல் பிரதியில் அவரை மொட்டைக் கடுதாசி எழுதவைத்தேன்.*)

* அக்காவைத் தேடிப் பிடித்துப் பிரதியை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். "மொட்டைக் கடுதாசியா? நானா? ஏங்க, கையெழுத்தும் தேதியும் இல்லாம என் கவுன்ட்டர்லேர்ந்து ஒரு பேப்பர் வெளிய போனது கிடையாது, தெரியுமா?" என்று ஒரு பிடி பிடித்தார்.

4

ஆகவே, நடந்தபடியே:

"சார், அந்த ஆறு அவங்க சொன்னது இல்ல. நான் அழுத்தினது."

மேலாளர் நிமிர்ந்தார். "என்னம்மா பேசறீங்க? தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரிஞ்சுதான் சார். வேலை போனாலும் பரவாயில்ல... இல்ல, போனா கஷ்டம்தான். ஆனா அதுக்காக அவங்க மேல பழி போட்டு இதை மூடிடாதீங்க."

இரண்டு வருட ஆய்வு ஒரு நிமிடத்தில் குப்பைக்குப் போனது. வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வாளர் தலையில் கை வைத்தார், ஆனால் கண்ணாடியை எடுக்க. அதை மூக்கில் மாட்டிக்கொண்டு, "அக்கா, உட்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். பிறகு மேலாளரிடம், "ஒரு மாசம் குடுங்க சார். இவங்க எங்க குழுவுல இருக்கணும்" என்றார்.

விலகிய முந்நூற்று நாற்பது பேருக்கும் தொலைபேசுவது என்று முடிவானது. 'திட்டத்திலிருந்து ஏன் விலகினீர்கள்?' என்று ஆய்வாளர் எழுதிவைத்த கேள்வியை அக்கா குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

"இப்படிக் கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி இருக்கு, போனை வெச்சுடுவாங்க. 'எப்ப வந்தா உங்களுக்குத் தோதா இருக்கும்?'னு கேளுங்க."

கேட்டார்கள். கொட்டித் தீர்த்தார்கள் அம்மாக்கள். உண்மையிலேயே ஆர்வமில்லாதவர்கள் ஒன்பது பேர். ஒன்பதே ஒன்பது!

மையம் மூடப்படவில்லை. வேலை நாட்களில் மாலை ஏழு வரை திறந்திருந்தது, சனிக்கிழமையும் திறந்தது. தடுப்பூசி அறையில் எடுத்த எடையே போதும் என்று விதி மாறியது. கணினியில் ஆறு காரணங்களும் போய், அந்த இடத்தில் எழுதிக்கொள்ள வெறும் கோடு வந்தது. அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தில், ஆய்வாளருக்குப் பக்கத்திலேயே, அவர் பெயரும் வந்தது. இரண்டையும் ஒரே சட்டத்தில் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். (இது என் சரக்கு. அழிக்கச் சொன்னார். அழிக்க மனசு வரவில்லை.)

5

1184?

முடிவு அ: சலவைக்கடைப் பெண் ஓடோடி வந்தாள். கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் இருவரும் அழுதார்கள்.

(அக்கா: "நான் அழவே இல்ல. ஏன் அழ வெச்சீங்க?")

முடிவு ஆ: தொலைபேசியில் அவள் அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டி...

("அவங்களைத் திட்டறவங்களா ஆக்காதீங்க.")

"அப்ப என்னதான் சொன்னாங்க?"

"அதை என்கிட்ட சொன்னாங்க. உங்ககிட்ட இல்லையே."

"வந்தாங்களா, அதையாவது சொல்லுங்க."

"சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்க."

6

போனேன். மாடிப்படி முழுக்க வரிசை. முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க குழந்தை எங்கங்க?"

"குழந்தை இல்லம்மா. கதை எழுத வந்தேன்."

"அப்ப எங்களுக்கெல்லாம் வழிவிட்டுட்டு கடைசில நில்லுங்க."

நின்றேன். வாழ்க்கையில் வரிசை என்றாலே எரிந்து விழுகிற ஆள் நான். அன்று இன்னும் பத்துப் பேர் வரமாட்டார்களா என்று இருந்தது. வந்தார்கள். அவர்களுக்கும் வழிவிட்டேன். ஒரு குழந்தை என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல், படியெல்லாம் கேட்கும்படி:

"ஆயிரத்து நூத்தி எண்பத்து நாலு!"

முன்னால் யாரோ நகர்கிறார்கள். நானோ குள்ளம், நடுவில் நாற்பது தலைகள், இடுப்பில் இருப்பவை தனி. சலவைக்கடைப் பெண்ணின் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது தாண்டியிருக்கும், தூக்கிவிடாமலே எடை மேடையில் ஏறும். பேனாவும் என்னிடம் இல்லை. உங்களில் உயரமானவர் யாராவது கொஞ்சம் எட்டிப் பாருங்களேன், ஏறுவது யார்?